தாயும் பாட்டியும் நடத்திய வேதப்பள்ளி



"வீட்டுக்காரர் சபைக்கு வரமாட்டேங்கிறார், பாஸ்டர். நான் ஒருத்தி பிள்ளைங்களுக்கு என்னத்த சொல்லிக்கொடுக்க முடியும்?" என்று அடையாறு சகோதரி ஒருவர் கண்ணீரோடு கேட்டார்கள்.

நான் தீமோத்தேயுவைக் காட்டினேன். யூத வீட்டில் பிள்ளைக்கு வேதம் போதிப்பது தகப்பன் கடமை (உபா. 6:7). தீமோத்தேயுவின் தகப்பனோ கிரேக்கர் (அப். 16:1). பிள்ளைக்கு விருத்தசேதனம்கூட செய்யப்படவில்லை. ஆனாலும் சிறுவயதிலேயே வேத எழுத்துக்களை அறிந்திருந்தான் (2 தீமோ. 3:15). எப்படி? பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும் விசுவாசிகள் (2 தீமோ. 1:5)!

மந்தைவெளியில் என் அம்மாவும் அப்படித்தான். அப்பா சபைப் படி மிதித்ததில்லை. அம்மா சோறு வடிக்கும்போதே எனக்கு ஒரு வசனம் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

சகோதரியே, இன்று ராத்திரி பிள்ளை தூங்குமுன் ஒரே ஒரு வசனம் போதும். ஆரம்பியுங்கள்!