ஏலத்தில் எம்ஜிபி எடுக்கப் போகிறீர்களா?

பிரிட்டனின் அபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி, அந்நாட்டு ஏலங்களில் அடிக்கடி தலைகாட்டும் கார். பெயின்ட் பளபளப்பில் மயங்காதீர்கள். இதற்குத் தனிச் சேஸி கிடையாது. கதவுக்கு அடியில் ஓடும் 'சில்' பகுதிதான் பாரம் தாங்குகிறது, துருவும் அங்கேதான் பிடிக்கும். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை அதன்மேல் நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள்.

இன்ஜின் கோளாறா, பரவாயில்லை. உதிரிபாகம் தாராளமாகக் கிடைக்கிறது. துருப்பிடித்த சில்லை மாற்றும் வெல்டிங் கூலிதான் ஆளைச் சாய்க்கும்! ஏலத்தொகைக்கு மேல் கமிஷன், கமிஷனுக்கு வரி என்று ஏறும்; கையைத் தூக்குமுன் கூட்டிப் பாருங்கள்.

வாங்கியபின் சில்லை மாற்ற வேண்டிவந்தால், திறந்த மாடலில் பழைய சில்லை அறுக்குமுன், கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து முட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பாடி நடுவில் தொய்ந்து, கதவு சரியாகச் சாத்தாது.