ஆளுக்கு ஒரு முத்திரை, படகுக்கு ஒரு தாள்

சிங்கப்பூர், ஜொகூர், பாத்தாம், லங்காவி, புக்கெட். மலாக்கா நீரிணையை ஒட்டி நாலு நாடுகள் இப்படி நெருக்கியடித்துக் கிடப்பதால், சொந்தப் பாய்மரப் படகோ மோட்டார் யாட்டோ வைத்திருப்பவர் ஒரு விடுமுறைக்குள் மூன்று நாட்டுக் கொடிகளைப் பார்த்துவிடலாம். விமானத்தில் போகும்போது நம் தாள்களைச் சரிபார்ப்பது விமான நிறுவனத்தின் கவலை. தாள் சரியில்லை என்றால் ஏறவே விடமாட்டார்கள். படகில் அப்படித் தடுத்து நிறுத்த யாரும் கிடையாது. அக்கரையில் போய் நின்ற பிறகுதான் வம்பு தெரியும். படகு வைத்திருப்பவர்களுக்கும், நண்பரின் படகில் கூடப் போக அழைப்பு வந்தவர்களுக்கும் சில குறிப்புகள்:

1. நோட்டில் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள்: ஒன்று ஆட்களுக்கு, ஒன்று படகுக்கு. ஆளைப் பார்ப்பது குடிநுழைவுத் துறை. படகைப் பார்ப்பது சுங்கமும் துறைமுக அதிகாரியும். இரண்டின் கெடுவும் ஒன்றாக இருப்பது அபூர்வம். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் விசா எடுத்தோ எடுக்காமலோ சுற்றிப்பார்க்க வரும் வெளியாள், எந்த 180 நாள் கணக்கிலும் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. ஆனால் அவருடைய வெளிநாட்டுப் படகு, ஐரோப்பிய ஒன்றியத்தில் வரி கட்டாமல் 18 மாதம் நிற்கலாம். தாய்லாந்திலும் பாஸ்போர்ட்டில் விழும் முத்திரை வேறு, படகைத் தற்காலிகமாகக் கொண்டுவந்ததற்குச் சுங்கம் தரும் தாள் வேறு. உங்கள் நாள் முடிந்தால் விமானம் ஏறிவிடலாம். படகின் நாள் முடிந்தால் இறக்குமதி வரி கேட்பார்கள். அது படகின் மதிப்பை வைத்துப் போடும் வரி. என்னைக் கேட்டால், படகின் தேதியைத்தான் சிவப்பு மையில் எழுத வேண்டும்.

2. எல்லாத் தாள்களிலும் முக்கியமானது போர்ட் கிளியரன்ஸ். ஒரு நாட்டைவிட்டு முறைப்படி கிளம்பினீர்கள் என்பதற்கு அந்த நாடு தரும் சான்று அது. அடுத்த துறைமுகத்தில் பாஸ்போர்ட்டுக்கும் முன்னால் அதைத்தான் கேட்பார்கள். ‘பக்கத்துத் தீவுதானே, சும்மா போய் வருவோம்’ என்று அது இல்லாமல் புறப்பட்டவர்களைத் திரும்பப் போய் வாங்கிவரச் சொன்னதுண்டு. லங்காவியில் குவா, தெலாகா ஆகிய இரண்டு இடங்களிலும் இந்த வேலையை முடிக்கலாம். குடிநுழைவு, சுங்கம், ‘ஜபாத்தான் லாவுட்’ எனப்படும் கடல்துறை ஆகிய மூன்று கவுண்டர்களையும் பார்க்க வேண்டும். புக்கெட்டில் சாலோங் விரிகுடாப் படகுத்துறையில் மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. எந்தக் கவுண்டர் முதலில் என்ற வரிசை ஊருக்கு ஊர் மாறும், வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தாள் கையில் வந்துவிட்டால் சொன்ன கெடுவுக்குள் கிளம்பிவிட வேண்டும். பல இடங்களில் அது ஒரு நாள்தான். காற்று சரியில்லாமல் தங்க நேர்ந்தால் சும்மா நங்கூரத்தில் கிடக்காதீர்கள். அதே அலுவலகத்துக்குத் திரும்பப் போய்ச் சொல்லித் தேதியை மாற்றி எழுதி வாங்குங்கள். வழியில் லீப்பே போன்ற தாய்லாந்துத் தீவுகள் வெள்ளை மணலைக் காட்டி ஆசை மூட்டும். லங்காவியில் வெளியேறிய முத்திரை வாங்கி, தாய்லாந்தில் நுழைந்த முத்திரை வாங்காத நிலையில் அங்கே கரையிறங்குவது சட்டப்படி குற்றம்தான், எத்தனை பேர் இறங்கினாலும்.

3. பெயர் விஷயம் நம்மவர்களுக்கென்றே வாய்த்த தலைவலி. தமிழ்நாட்டுப் பாஸ்போர்ட்டுகள் பலவற்றில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். சிலவற்றில் அப்பா பெயரே குடும்பப் பெயராக ஏறியிருக்கும். மலேசியத் தமிழர் பாஸ்போர்ட்டில் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ நடுவில் நிற்கும். இணையப் படிவங்கள் பல அந்தச் சாய்கோட்டை ஏற்காது. வீட்டில் கூப்பிடும் பெயரையோ, இனிஷியலை விரித்தோ சுருக்கியோ எழுதாதீர்கள். பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தில் அடியில் அச்சான இரண்டு வரிகளைப் பாருங்கள்; இயந்திரம் படிப்பது அதைத்தான். அதில் எந்த எழுத்து எந்த வரிசையில் இருக்கிறதோ அப்படியே விசா, வருகை அட்டை, ஆள் பட்டியல் மூன்றிலும் இருக்கட்டும். மூன்றும் ஒத்துப்போய்விட்டால், பெயர் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

4. ஆள் பட்டியல், அதாவது க்ரூ லிஸ்ட், தட்டச்சு செய்த தாளாக இருக்க வேண்டும். பெயர், நாடு, பாஸ்போர்ட் எண், அதன் காலாவதி, பிறந்த தேதி, படகில் என்ன பொறுப்பு என்ற விவரங்கள் போதும். மேலே படகின் பெயர், பதிவு எண், பதிவான நாடு. இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், ஒரு கட்டு அச்சடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கவுண்டரும் ஒன்றிரண்டு பிரதி கேட்கும். காசு வாங்காமல் கூட்டிப்போகும் நண்பரையும் மாமியாரையும் ‘பயணி’ என்று எழுதாமல் ‘க்ரூ’ என்றே எழுதுவது யாட்காரர்களின் வழக்கம். பயணி என்றால் கட்டணம் வாங்கி ஆள் ஏற்றுகிறார் என்ற சந்தேகம் எழும். அதற்கு வேறு உரிமம் வேண்டும். உண்மையிலேயே காசு வாங்கினால் இந்தக் குறிப்பு உங்களுக்கானது அல்ல.

5. வருகை அட்டைகள் இப்போது கைபேசியில். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுமே இணைய அட்டை கேட்கின்றன. தாய்லாந்தின் அட்டை 2025 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வந்து சேர்வதற்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும். ‘எப்படி வருகிறீர்கள்’ என்ற கேள்விக்குக் கடல் வழி என்று குறித்துப் படகின் பெயரைக் கொடுங்கள். மூன்றுமே இலவசம். பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல, மூடிவிடுங்கள். நடுக்கடலில் சிக்னல் கிடைக்காது என்பதால் புறப்படும் முன் நிரப்பி, வந்த பதிலைப் படமாகச் சேமித்துக்கொள்வது நல்லது.

6. விமான நிலையத்தில் செல்லும் விசா கடலிலும் செல்லும் என்று எண்ணிவிடாதீர்கள். வந்திறங்கியதும் தரும் விசாவும் மின் விசாவும் பெயர் குறித்த துறைமுகங்களில் மட்டுமே செல்லும். இந்தோனேசியாவில் அப்படித்தான். இந்தியாவிலும் மின் விசாவோடு வருபவர் சென்னை, கொச்சி போன்ற சில துறைமுகங்களில்தான் இறங்க முடியும். அமெரிக்கா இன்னும் ஒரு படி மேல்: விசா விலக்குத் திட்டத்தில் உள்ள நாட்டவர்கூட, தனியார் படகில் வந்தால் முறையான விசா கையில் வைத்திருக்க வேண்டும்.

7. அந்நிய நீரில் நுழைந்ததும் வலப்பக்கம் மஞ்சள் கொடி ஏற்றுங்கள். ‘நோய் இருக்கிறது’ என்று அறிவிக்கும் கொடி என்று பலர் தப்பாக நினைத்திருக்கிறார்கள். ‘படகில் எல்லோரும் நலம், நுழைய அனுமதி தாருங்கள்’ என்பதே அதன் பொருள். அனுமதி கிடைக்கும்வரை கரையிறங்க வேண்டியவர் கேப்டன் ஒருவர்தான். பிள்ளைகள் ஐஸ்கிரீம் கேட்டு அழுதாலும் சரி.

8. அனுமதி கிடைத்ததும் மஞ்சளை இறக்கிவிட்டு, அதே இடத்தில் விருந்தளிக்கும் நாட்டின் கொடியை ஏற்ற வேண்டும். இந்தோனேசியக் கொடியைத் தலைகீழாகக் கட்டினால் போலந்துக் கொடியாகிவிடும்; இந்தோனேசியாவுக்குச் சிவப்பு மேலே, வெள்ளை கீழே. தாய்லாந்துக் கொடியில் அந்தப் பயமில்லை, எப்படிக் கட்டினாலும் ஒன்றுதான். கிழிந்த, வெளுத்த கொடியை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளும் அதிகாரிகள் உண்டு. பருத்தித் துணி வெயிலில் சீக்கிரம் போய்விடும், நைலான் தாங்கும்.

9. சிங்கப்பூரில் நடைமுறை தலைகீழ். நீங்கள் அலுவலகம் தேடிப் போக வேண்டாம். குறிப்பிட்ட நங்கூரப் பகுதியில் நின்று வானொலியில் அழைத்தால் குடிநுழைவு அதிகாரிகள் தங்கள் படகில் வந்து பாஸ்போர்ட்டுகளை வாங்கிக்கொள்வார்கள். மேற்கு நங்கூரப் பகுதி சிஸ்டர்ஸ் தீவுகளின் அருகே இருக்கிறது. படகுக்குப் படகு கை நீட்டிக் கொடுக்கும்போது அலையடிக்கும், பாஸ்போர்ட்டுகள் கடலில் விழுந்தால் கதை கந்தல். மீன் பிடிக்கும் கைவலையில் போட்டு நீட்டுங்கள். அனுபவசாலிகள் எல்லோரும் செய்வது அதுதான்.

10. கடிகாரத்தையும் நாள்காட்டியையும் ஊருக்கு ஏற்ப மாற்றுங்கள். மலேசியாவும் சிங்கப்பூரும் தாய்லாந்தைவிட ஒரு மணி நேரம் முன்னால். புக்கெட் நேரப்படி நாலு மணிக்கு வந்தோம் என்று நினைத்தால் லங்காவி அலுவலகத்தில் மணி ஐந்து. லங்காவி இருக்கும் கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஜொகூரோ 2025 சனவரியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. விடுமுறையில் வேலை செய்தால் கூடுதல் கட்டணம் வாங்கும் துறைமுகங்களும் உண்டு. ரசீது கேட்டு வாங்குங்கள். தாய்லாந்தில் நாள் தவறித் தங்கினால் ஒரு நாளைக்கு 500 பாத் அபராதம், உச்சவரம்பு 20,000 பாத். வந்த நாளையும் ஒரு நாளாக எண்ணிக்கொள்ளுங்கள்.

11. இனி சமையலறை. கசகசா டப்பாவைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோகாதீர்கள். நமக்கு அது குருமாவுக்கு அரைப்பது. அவர்கள் சட்டத்தில் அபினிச் செடியின் விதை, தடை செய்த பொருள். படகில் மசாலா அலமாரியை நாலு பேர் நாலு ஊரில் நிரப்பியிருப்பார்கள் என்பதால், நுழைவதற்கு முன் எல்லா டப்பாவையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். லங்காவி வரியில்லாத் தீவு, மது மலிவு. ஆனால் மலேசியாவிலிருந்து சிங்கப்பூருக்குள் வரும் மதுவுக்கு வரிவிலக்கு கிடையாது. சிகரெட்டுக்கு எங்கிருந்து வந்தாலும் கிடையாது. இருப்பதைச் சொல்லிவிட்டால் வரியோடு முடியும், மறைத்தால் அபராதம்.

தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, பலமான வலி நிவாரணிகள் எல்லாம் அசல் அட்டையில், மருத்துவர் சீட்டோடு இருக்கட்டும். சீட்டில் உள்ள பெயர் பாஸ்போர்ட் பெயரோடு ஒத்துப்போக வேண்டும் (3-ஆம் குறிப்பு இங்கேயும் துரத்துகிறது). மாத்திரைகளைப் பொடி டப்பாவில் கொட்டிவைக்கும் பழக்கத்தை வீட்டோடு விட்டுவிடுங்கள். மீனை ஈட்டியால் அடிக்கும் துப்பாக்கி இருந்தால் அதையும் முன்கூட்டியே அறிவியுங்கள். சிங்கப்பூர் அதை ஆயுதக் கணக்கில் வைத்திருக்கிறது.

12. இந்தியக் கரைக்கு வருவதானால் சாட்டிலைட் போன் எச்சரிக்கை. நடுக்கடலில் உயிர் காக்கும் அந்தக் கருவியை இந்தியாவில் அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றம். தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டவர் கைதாகியிருக்கிறார்கள். சுங்கத்திடம் முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

13. படகின் கோப்பில் இருக்க வேண்டியவை: பதிவுச் சான்றிதழ் அசல், காப்பீடு, வானொலி உரிமம், ஓட்டுபவரின் தகுதிச் சான்று, முந்தைய துறைமுகத்தின் கிளியரன்ஸ். உரிமையாளர் கூட வரவில்லை என்றால் அவர் கையெழுத்திட்டு நோட்டரி சான்றளித்த அனுமதிக் கடிதம். படகு கம்பெனி பெயரில் இருந்தால் கம்பெனி முத்திரையோடு கடிதம். இந்தோனேசியா போகிறவர்கள் படகின் பெயரில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொள்ளுங்கள். மூலைக் கடையில் சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. கையெழுத்துக்குக் கிடைக்காத மரியாதை அங்கே முத்திரைக்குக் கிடைக்கும்.

14. அலுவலகத்துக்கு அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாகப் போகாதீர்கள். மலேசிய அரசு அலுவலகங்களில் உடை விதி உண்டு. வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள்.

15. நடுவில் வந்து சேர்பவர், நடுவில் கிளம்புபவர் இருவருக்கும் தனி ஏற்பாடு தேவை. ஒருவழி டிக்கெட்டில் விமானம் ஏறுபவரிடம் திரும்பும் டிக்கெட் எங்கே என்று கேட்பார்கள். கேப்டனின் கடிதமும் படகுப் பதிவின் நகலும் கையில் இருந்தால் பேசிப் பார்க்கலாம். அதையும் மீறி மறுக்கும் ஊழியர்கள் உண்டு, ரத்து செய்யக்கூடிய டிக்கெட் ஒன்று பாதுகாப்பு. வந்து சேர்ந்ததும் அவர் பெயரைக் குடிநுழைவில் ஆள் பட்டியலில் ஏற்றுங்கள். படகில் வந்தவர் விமானத்தில் கிளம்பினால் பட்டியலிலிருந்து நீக்குங்கள். நீக்காவிட்டால் படகு வெளியேறும்போது ‘ஒரு ஆள் குறைகிறாரே’ என்று கேப்டனைத்தான் பிடிப்பார்கள்.

16. பெற்றோரில் ஒருவரோடு மட்டும் வரும் பிள்ளைக்கு மற்றவரின் சம்மதக் கடிதம் எடுத்துக்கொள்ளுங்கள். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் இந்தியப் பாஸ்போர்ட் அதிகபட்சம் 5 ஆண்டுதான் செல்லும். பெரியவர்களுடையதைப் பார்த்துவிட்டு பிள்ளைகளுடையதை மறப்பது வழக்கமாக நடப்பது. எல்லோருக்கும் 6 மாதச் செல்லுபடி மிச்சமிருக்க வேண்டும். அடிக்கடி எல்லை தாண்டுபவர்கள் புதுப்பிக்கும்போது 36 பக்கத்துக்குப் பதில் 60 பக்கப் புத்தகம் கேளுங்கள்.

17. பாஸ்போர்ட்டுகளை நீர் புகாத பையில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, ஆபத்தில் முதலில் தூக்கும் பையிலேயே வையுங்கள். நனைந்துவிட்டால் இஸ்திரி போடாதீர்கள், வெயிலில் விரிக்காதீர்கள். பக்கங்களுக்கு நடுவே உறிஞ்சுதாள் வைத்து நிழலில் உலர்த்துங்கள். படப் பக்கம் கெட்டிருந்தால் அது பாஸ்போர்ட்டே அல்ல, தூதரகத்தில் புதியதுதான் வாங்க வேண்டும். புதியதில் அந்த நாட்டுக்குள் நுழைந்த முத்திரை இருக்காது என்பதால், கிளம்பும் முன் குடிநுழைவு அலுவலகத்தில் பழைய நுழைவை அதில் பதிந்துகொள்ளுங்கள். அதற்கு உதவ, முத்திரை விழுந்த பக்கத்தை அன்றன்றே படமெடுத்துக் கரையிலிருக்கும் ஒருவருக்கு அனுப்பிவையுங்கள்.