ஆம்னிக்கு ஹெட் கேஸ்கட் மாற்றுவது எப்படி?

கொல்கத்தாவின் பவானிபூர் சந்துகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் மாருதி ஆம்னிகள் எல்லாமே பழையவை. 2019-லேயே தயாரிப்பு நின்றுவிட்டது. 796 சிசி, மூன்று சிலிண்டர் இஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். அளவுக்கு மீறிச் சூடேறினால் ஹெட்தான் முதலில் வளையும். ஹாஜ்ரா முனை நெரிசலில் ரேடியேட்டர் ஃபேன் சுற்றாமல் நின்றால் அதுவே போதும், கேஸ்கட் போய்விடும்.

முதலில் பழுது அதுதானா என்று உறுதி செய்யுங்கள். ஒழுகல் எதுவும் தெரியாமலே கூலண்ட் குறைவது, சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை வருவது, ஆயில் மூடியில் பால் போன்ற படிவு, ரேடியேட்டரில் விடாமல் குமிழி வருவது ஆகியவை அடையாளங்கள். கம்ப்ரஷன் டெஸ்டில் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் குறைவாகக் காட்டினால் சந்தேகமே வேண்டாம்.

சாமான்களுக்கு மல்லிக் பஜார் போகலாம். கார்புரேட்டர் வண்டியா, எம்பிஎஃப்ஐ வண்டியா என்பதையும் இஞ்சின் நம்பரையும் சொல்லி, முழு ஹெட் செட்டாக வாங்குங்கள். ஓடிய வண்டியில் கழற்றிய பழைய கேஸ்கட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். செப்டம்பர் 17-ஐ ஒட்டி விஸ்வகர்மா பூஜை வரும்; பட்டறைகளில் அன்று வேலை நடக்காது. மழைக்காலத்தில் திறந்த தெருவில் இஞ்சினைப் பிரிக்கவும் வேண்டாம்.

இஞ்சின் முழுக்க ஆறிய பிறகே கை வையுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றி, கூலண்டை வாளியில் பிடியுங்கள். அதைத் தெருவில் விட்டால் இனிப்புக்கு நாய்கள் நக்கும், அது விஷம். பிறகு ஏர் கிளீனர், பெட்ரோல் குழாய், மேனிஃபோல்டுகள். டைமிங் குறிகளை நேர்செய்து படம் எடுத்துக்கொண்டு பெல்ட்டைக் கழற்றுங்கள். ஹெட் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஹெட் ஒட்டிக்கொண்டால் இடையில் ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பாதீர்கள். அலுமினியத்தில் விழும் கீறல் அடுத்த கசிவுக்கு வழி.

எடுத்த கேஸ்கட்டை வெளிச்சத்தில் பாருங்கள். கருகிய கோடு எந்தச் சிலிண்டர் ஓரத்தில் ஓடுகிறதோ அங்கேதான் விட்டிருக்கிறது.

இனி வருவதுதான் பலர் காசை மிச்சம் பிடிக்கத் தாண்டிப்போகும் இடம். ஹெட்டின் அடிப்பரப்பில் நேர்ச்சட்டம் வைத்து, நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைவிட்டமாகவும் ஃபீலர் கேஜ் நுழைத்துப் பாருங்கள். 0.05 மில்லிமீட்டர் தகடு நுழைந்தால் லேத்தில் ஃபேசிங் போட்டே ஆக வேண்டும். அங்கேயே பிரஷர் டெஸ்டும் கேளுங்கள். மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. பிளாக்கின் மேற்பரப்பையும் இதேபோல் அளந்துவிடுங்கள். வளைந்த ஹெட்டின் கீழ் புது கேஸ்கட் சில வாரம்கூடத் தாங்காமல் போகலாம்.

பூட்டும்போது போல்ட் துளைகளில் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருக்கக் கூடாது. இறுக்கும் அழுத்தத்தில் பிளாக்கே விரிசல் விடும். கேஸ்கட்டின் 'டாப்' குறி மேலே இருக்கட்டும், பசை எதுவும் தடவ வேண்டாம். நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றாக, சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். கை கணக்கில் இறுக்கும் மிஸ்திரியிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். ஓடிக் களைத்த வண்டி என்பதால் டைமிங் பெல்ட், தெர்மோஸ்டாட் இரண்டையும் இப்போதே மாற்றுங்கள். வாட்டர் பம்ப் கசிந்தாலோ ஆடினாலோ அதையும் மாற்றுங்கள்.

புது ஆயிலும் கூலண்டும் ஊற்றி, ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து இஞ்சினை ஓடவிட்டு, காற்று முழுக்க வெளியேறும்வரை பொறுங்கள். ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்குகிறதா என்று நின்று பாருங்கள். சுற்றவில்லை என்றால் கேஸ்கட் போன காரணம் இன்னும் வண்டியில்தான் இருக்கிறது. மறுநாள் காலை ஆறிய இஞ்சினில் கூலண்ட் மட்டத்தைச் சரிபாருங்கள். அது குறைந்திருந்தால், எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கும்வரை அந்த வண்டியில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.