ஆடிக்கூழும் குடல் நுண்ணுயிரும்

நம் பெருங்குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. எல்லாமே நோய்க்கிருமி இல்லை. கீரை, பருப்பு, கேழ்வரகில் உள்ள நார்ச்சத்தை நம்மால் செரிக்க முடியாது. அதைப் புளிக்க வைத்து பியூட்டிரேட் என்ற அமிலமாக மாற்றுவது இவைதான். குடல் சுவர் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். உடம்புக்குள்ளே ஓயாமல் புகையும் அழற்சியையும் அது அடக்குகிறது. கழிவுநீர்த் தொட்டி பற்றிப் படிக்கிற என்னை மாதிரி இன்ஜினியரிங் மாணவனுக்கு இது ஆச்சரியமில்லை. தொட்டிக்குள் என்ன போகுதோ, அதுக்கேத்த பாக்டீரியாதான் நிலைக்கும்.

கேமரன் மலைக்குப் பக்கத்தில், ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கில் நடந்த ஆய்வு 2015-இல் வெளியானது. குடல் அழற்சி நோய் ஆண்டுக்கு லட்சம் இந்தியர்களில் 1.91 பேருக்குப் புதிதாக வந்திருக்கிறது. சீனர்களில் 0.63, மலாய்க்காரர்களில் 0.35. அபூர்வ நோய்தான், ஆனா வித்தியாசத்தைப் பாருங்க! அழற்சியோடு தொடர்புள்ள சர்க்கரை நோயிலும் இதே கதை. 2019 தேசிய சுகாதார ஆய்வுப்படி நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அது இருந்தது, இந்தியர்களில் 31.4.

"நம்ம ரத்தத்திலேயே இருக்கு"ன்னு சொல்லி விட்டுடறோம். பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆனா 2015-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், அமெரிக்கக் கறுப்பினத்தவர் 20 பேரும் தென்னாப்பிரிக்கக் கிராமத்தவர் 20 பேரும் இரண்டு வாரம் சாப்பாட்டை மாற்றிக்கொண்டார்கள். நார்ச்சத்து மிகுந்த, கொழுப்பு குறைந்த உணவுக்கு மாறின அமெரிக்கர்களுக்குக் குடல் அழற்சி குறைந்து பியூட்டிரேட் கூடியது. மற்றவர்களுக்கு நேர்மாறு. இரண்டே வாரத்தில்!

தேயிலைத் தோட்டத்துப் பெரியவங்களைக் கேளுங்க, பழைய கஞ்சி குடிச்சிட்டுப் பெரட்டுக்குப் போன கதை சொல்வாங்க. இப்போ காலையில் மேகி, மைலோ. நாடு முழுக்கப் போகிற காய்கறி அதே மலையில்தான் விளையுது! தேயிலையின் பாலிஃபீனால்களில் பெரும்பகுதியும் பெருங்குடலுக்குப் போய் நுண்ணுயிர்களுக்குத்தான் உணவாகிறது. அதில் நாலு கரண்டி டின் பாலை ஊற்றிவிடுகிறோம். புரட்டாசியிலோ எண்ணெயில் பொரித்த 'சைவக் கோழி'!

அம்மன் கோயில் ஆடிக்கூழைப் பாருங்க. கேழ்வரகு மாவை இரவே கரைத்துப் புளிக்க வைக்கிறாங்க. காய்ச்சும்போது அதிலுள்ள நுண்ணுயிர்கள் செத்துவிடும்; நார்ச்சத்து இருக்கும். ஆறினபிறகு சேர்க்கிற மோரில் உயிருள்ள பாக்டீரியா வருது, கடிச்சுக்கிற சின்ன வெங்காயம் உள்ளே இருப்பவற்றுக்குத் தீனி. இதை ஆடியோடு நிறுத்துவானேன்?

ஒன்று மட்டும். மலத்தில் ரத்தம் போனாலோ, வயிற்றுப்போக்கு வாரக்கணக்கில் நீடித்தாலோ கூழை நம்பி உட்காராதீங்க, டாக்டரைப் பாருங்க. குடல் அழற்சி முற்றியிருக்கும் நேரத்தில் நார்ச்சத்தே சிலருக்கு வலியைக் கூட்டும். மாத்திரையையும் நீங்களா நிறுத்தாதீங்க.