இருட்டைத் தேடி: ஹான்லேயா, ஜவ்வாதா?

தொலைநோக்கி வாங்கிய சென்னைக்காரருக்குச் சில வாரங்களிலேயே ஒரு சந்தேகம் வந்துவிடும்: காசு வீணோ? வியாழனின் பட்டைகள் தெரிகின்றன, சனியின் வளையம் தெரிகிறது. ஆண்ட்ரோமீடா மட்டும் அழுக்குக் கறையாகவே நிற்கிறது. கருவியைக் குறை சொல்ல வேண்டாம். நிலவுக்கும் கோள்களுக்கும் மொட்டைமாடி போதும். மங்கலான நெபுலாக்களும் விண்மீன் மண்டலங்களும் வேண்டுமென்றால் தெருவிளக்குகளைத் தாண்டிப் போயாக வேண்டும்.

நாட்டிலேயே இருண்ட வானம் எது என்று கேட்டால் ஹான்லே என்பார்கள். லடாக்கில் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், 2 மீட்டர் சந்திரா தொலைநோக்கி இருக்கும் இடம். 2022 டிசம்பரில் அங்கே இருள்வானக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. வானின் இருட்டை 9 வகுப்புகளாகப் பிரித்து 2001-இல் ஜான் போர்ட்டில் தந்த அளவுகோலில் முதல் வகுப்புக்குரிய வானம் அது. காற்றும் வறண்டது, பால்வெளி கரைகட்டித் தெரியும்.

ஆனால் அங்கே போய்ச் சேர உள்நுழைவு அனுமதி வேண்டும். லேயில் சில நாள் தங்கி உடலைப் பழக்க வேண்டும். மூச்சு வாங்கத் தலைவலியோடு எவரும் வானத்தை ரசித்ததில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு, பலர் அதைப் போட்டுப் பார்ப்பதில்லை. ஹான்லே ஏறக்குறைய 33 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. தென்வானின் பெரிய கோளக் கொத்தான ஒமேகா சென்டாரி அங்கே உச்சத்திலும் 10 பாகைக்கு மேல் ஏறாது. மலை மறைத்தால் அதுவும் போயிற்று. கரீனா நெபுலா உதிப்பதே இல்லை. ஜவ்வாது மலையின் காவலூரில் அதே ஒமேகா சென்டாரி 30 பாகை உயரத்தில் நிற்கும், கரீனா 17 பாகைக்கு மேலே வரும். வானியலாளர் வேணு பாப்பு தன் ஆய்வகத்துக்குக் காவலூரைத் தேர்ந்ததில் இந்தத் தென்வான வசதிக்கும் பங்குண்டு. 1968-இல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு தொடங்கிய இடத்தில் 1986-இல் 2.3 மீட்டர் கருவி வந்தது.

ஜவ்வாதில் ஹான்லேயின் இருட்டு கிடையாது. வாணியம்பாடி, ஆம்பூர் ஊர்களின் வெளிச்சம் வடக்கேயும் வடமேற்கேயும் அடிவானத்தை வெளுக்க வைக்கும். தெற்கே பார்க்கப் போகிறவருக்கு அது பெரிய தொல்லையில்லை. எந்த இடமானாலும் கேட்க வேண்டியது இதுதான்: பெரிய ஊர் எந்தத் திசையில்? பக்கத்திலுள்ள ஏலகிரி காவலூரைவிட உயரம்தான். விடுதி விளக்குகள் அந்த லாபத்தைத் தின்றுவிடுகின்றன.

கடற்கரை ஆசை காட்டும். கிழக்கே கடல், விளக்கே இல்லை என்று தோன்றும். படகு விளக்குகள் ஒருபுறம் இருக்க, உப்புக்காற்றும் ஈரமும் கண்ணாடியில் பனியாகப் படியும். பைனாகுலர் மட்டும் கொண்டுபோனால் பரவாயில்லை.

ஆக, சென்னையிலிருந்து நான்கைந்து மணி நேரத்தில் எட்டி அடிக்கடி போகக்கூடிய ஜவ்வாதுதான் பெரும்பாலோருக்கு ஏற்றது. ஹான்லே வாழ்நாளில் ஒருமுறை போய்வர வேண்டிய இடம். பருவங்களும் ஒன்றுக்கொன்று இடம்விடுகின்றன: தமிழக மலைகளில் தை முதல் சித்திரை வரை வானம் தெளிவு, மழைமேகம் மூடும் மாதங்களில் லடாக். இரண்டுக்கும் அமாவாசையை ஒட்டிய இரவுகளே சரி.

செயற்கைக்கோள் ஒளி வரைபடம் ஊர்களின் வெளிச்சத்தைக் காட்டும். வயலோரம் தொங்கும் ஒற்றை பல்பைக் காட்டாது. நிலவில்லாத இரவில் ஒருமுறை நேரில் போய், கண் இருட்டுக்குப் பழக அரைமணி காத்திருந்து, கடகத்திலுள்ள பூசக் கொத்து வெறுங்கண்ணுக்குப் புகைத்திட்டாகத் தெரிகிறதா என்று பார்க்கலாம். தெரியாவிட்டால் வேறு இடம் தேட வேண்டியதுதான். காட்டுக்குள் இரவு தங்க வனத்துறை அனுமதி தேவை. தனியார் நிலமென்றால் சொந்தக்காரரிடம் இரண்டு கேள்வி: பம்புசெட் விளக்கு இரவு முழுக்க எரியுமா, பன்றிக்கு மின்வேலி போட்டிருக்கிறதா?