பிக்கப்பின் இடுப்பை வெட்டலாமா?

கோலசிலாங்கூர் பக்கம் மழை விட்ட மறுநாள் காலையில் அடிக்கடி காணும் காட்சி இது. செம்பனைத் தோட்டத்து வரப்பின் மேல் ஒரு நீள பிக்கப் வயிறு தட்டி நிற்கும். முன் சக்கரம் ஒரு பக்கச் சரிவில், பின் சக்கரம் மறு பக்கச் சரிவில். நான்கு சக்கரமும் சுற்றும், வண்டி நகராது. கூட நிற்பவர்களில் ஒருவர் கட்டாயம் சொல்வார்: “நடுவுல ஒரு ஒன்றரை அடிய வெட்டி ஒட்டிட்டா தாண்டிடும்.”

அவர் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் எவ்வளவு உண்மை என்பதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரத்தை அச்சிடைத் தூரம் என்போம். இது 3.1 மீட்டர் என்றும், வண்டியின் நடு வயிறு தரையிலிருந்து 25 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். வரப்பு இருபுறமும் 10 பாகை சரிகிறது. வரப்பின் உச்சி வண்டியின் நடுவே வரும்போது, சக்கரங்கள் உச்சியிலிருந்து 1.55 மீட்டர் தள்ளி, சுமார் 27 சென்டிமீட்டர் கீழே நிற்கும். வயிற்றுக்குக் கீழே இருப்பதோ 25தான். தட்டிவிடும். அச்சிடைத் தூரத்தில் அரை மீட்டரைக் குறைத்து 2.6 ஆக்கினால் சக்கரங்கள் 23 சென்டிமீட்டர்தான் கீழே இறங்கும். வண்டி தாண்டிவிடும்.

சரி, வெட்டாமல் அதே வண்டியை 5 சென்டிமீட்டர் உயர்த்தினால்? வயிறு 30 சென்டிமீட்டரில் இருக்கும். அப்போதும் தாண்டிவிடும். வயிறு தட்டும் கோணத்தைப் பொறுத்தவரை அரை மீட்டர் வெட்டுவதும் 5 சென்டிமீட்டர் உயர்த்துவதும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு கணக்கிலும் அந்தக் கோணம் 18 பாகையிலிருந்து 22 பாகைக்கு அருகில் வருகிறது. ஒன்றுக்கு வெல்டிங் பட்டறை வேண்டும், மற்றதற்கு ஸ்பிரிங் வேலை போதும். வண்டி உயர்ந்தால் கவிழும் ஆபத்து சற்றுக் கூடும் என்பதையும் மறக்கக் கூடாது.

நம் வட்டாரத்து மண்ணையும் பார்க்க வேண்டும். கடலோரம் ஜெரம் பக்கமெல்லாம் கடல் படிவுக் களிமண். உள்ளே ராஜா மூசா பக்கம் போனால் கரிமண். (இந்நாட்டில் வணிக முறையில் முதன்முதலாக, 1917இல், செம்பனை நட்ட இடமும் இங்கேதான். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம்! தென்னையின் பெயரில் செம்பனை வளர்ந்தது.) மலையேற்றம் இங்கே குறைவு. வண்டிகளை மாட்ட வைப்பது பெரும்பாலும் மென்மையான மண். சக்கரம் மண்ணை அழுத்தும் அழுத்தம், ஏறத்தாழ டயரில் உள்ள காற்றழுத்தத்தின் அளவுக்கு இருக்கும். அச்சிடைத் தூரத்தை வெட்டினால் அது மாறாது. வெறும் வண்டியில், மெதுவாகப் போகும்போது, டயர் காற்றை 30 பிஎஸ்ஐயிலிருந்து 15க்கு இறக்கினால் அழுத்தம் கிட்டத்தட்ட பாதியாகும். செலவு ஒன்றுமில்லை. தார்ச்சாலை ஏறுவதற்கு முன் மறுபடி காற்று அடித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

குட்டை வண்டிக்கு நியாயமான ஒரு லாபம் திருப்பத்தில் உண்டு. திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தில் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும். முன் அச்சு 7 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், 3.1 மீட்டர் வண்டியின் பின் அச்சு 72 சென்டிமீட்டர் உள்ளே வரும். 2.6 மீட்டர் வண்டியில் அது 50. லோங்காங் மேல் போட்ட குறுகிய பாலத்தில் திரும்புகிறவருக்கு அந்த 22 சென்டிமீட்டர்தான், பின் சக்கரம் பலகையில் இருக்குமா தண்ணீரில் இருக்குமா என்பதைத் தீர்மானிக்கும்.

இனி விலை. பெட்டியின் முன்பகுதியில் அரை மீட்டரை வெட்டிப் பின் அச்சை முன்னே இழுக்கிறோம். முன்பு 2.3 மீட்டர் பெட்டியின் நடு, பின் அச்சுக்கு 20 சென்டிமீட்டர் முன்னால் இருந்தது என்றால், இப்போது 5 சென்டிமீட்டர் பின்னால் போய்விடும். 500 கிலோ குலை ஏற்றினால் முன்பு அதில் 32 கிலோ முன் சக்கரங்களில் விழுந்தது. இப்போது ஒன்றும் விழாது. மாறாக முன் சக்கரங்கள் 10 கிலோ லேசாகும். குலைகளைப் பின்கதவு ஓரமாகக் குவித்தால் இன்னும் மோசம். ஸ்டியரிங் லேசாகிறது என்று ஓட்டுநர் சொல்வது இதைத்தான். பிரேக்கிலும் இப்படியே. 1,800 கிலோ வண்டி, எடைமையம் 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க, புவியீர்ப்பில் பாதி அளவுக்கு வேகம் குறைந்தால், பின்னிருந்து முன்னுக்கு மாறும் எடை 200 கிலோவிலிருந்து 240க்கு ஏறும். வெறும் பிக்கப்பின் பின்பக்கம் ஏற்கெனவே லேசு. ஈரமான செம்மண் சாலையில் அது சட்டென்று பக்கவாட்டில் வீசும்.

புரொப்பெல்லர் ஷாஃப்டும் குட்டையாகும். 1.6 மீட்டர் நீளத்தில் 20 சென்டிமீட்டர் இறங்கும் ஷாஃப்டின் சாய்வு 7 பாகை. நீளம் 1.1 ஆனால் 10 பாகை தாண்டும். கிராஸ் ஜாயின்ட் சீக்கிரம் தேயும், அதிர்வு வரும்.

எல்லாவற்றிலும் பெரிய பயம் சேஸிஸ். இரும்புத் தண்டை நேர்குத்தாக வெட்டி நேராக ஒட்டினால், வளைவு விசை முழுவதும் அந்த ஒரே கோட்டில் விழும். வெல்டிங் சூட்டில் பக்கத்து இரும்பின் குணமும் மாறியிருக்கும். ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் வளைந்து நிமிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒருநாள் பிளவாகும். உலோகச் சோர்வு என்பது இதுதான். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் சாய்வாகவோ படிக்கட்டு போலவோ வெட்டி, உள்ளே தகடு வைத்து வலுப்படுத்துகிறார்கள். கடற்கரைப் பக்கத்து வண்டிகளில் உள்ளிருந்தே துரு தின்றிருக்கும். அந்த இரும்பில் எந்த வெல்டிங்கும் நிற்காது.

தொழிற்சாலைகள் இதை வேறு விதமாகத் தீர்த்தன. 1948இல் 80 அங்குல அச்சிடைத் தூரத்தோடு வந்த லேண்ட்ரோவர், 1950களின் நடுவில் ஒரே வண்டியை 88, 109 என்று இரண்டு அளவில் செய்தது. ஆள் போக குட்டை, சுமை ஏற்ற நெட்டை. ஒவ்வொன்றுக்கும் சேஸிஸும் ஷாஃப்டும் தனித்தனி. இன்றைய சுஸுகி ஜிம்னியின் 2.25 மீட்டரும் வெட்டியதல்ல, முதலிலேயே அப்படித் திட்டமிட்டது.

சட்டமும் இருக்கிறது. சேஸிஸை வெட்டுவது வண்டியின் அமைப்பையே மாற்றுவது. ஜேபிஜே அனுமதி இல்லாமல் சாலையில் ஓட்ட முடியாது. விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்பதும் இதைத்தான். தோட்டத்துக்குள் மட்டும்தானே என்றாலும், ஆலைக்குக் குலை கொண்டுபோகப் பெரிய சாலையைத் தாண்டத்தான் வேண்டியிருக்கிறது.

பட்டறைக்குப் போகுமுன் உங்கள் வண்டியில் வழக்கமான சுமையை ஏற்றிச் சமதளத்தில் நிறுத்துங்கள். சுமையில் லீஃப் ஸ்பிரிங் தாழ்ந்துவிடும், அதனால் வெறும் வண்டியில் எடுத்த அளவு ஏமாற்றும். இரண்டு அச்சுக்கும் நடுவில் எது மிகத் தாழ்வாகத் தொங்குகிறது என்று குனிந்து பாருங்கள். சில நேரம் அது சேஸிஸாக இருக்காது. பிற்பாடு மாட்டிய சைலன்சர் குழாயாகவோ கால்படியாகவோ இருக்கும். அதைக் கழற்றி மேலே தூக்கிக் கட்டினாலே அந்த 5 சென்டிமீட்டர் கிடைத்துவிடலாம்.