களஞ்சியச் சுவரில் ஒரு நட்சத்திரம்

கேள்வி: அமெரிக்காவில் பண்ணைக் களஞ்சியங்களின்மேல் ஒட்டுத் துணிப் போர்வைக் கோலங்களை வர்ணத்தில் தீட்டி மாட்டியிருப்பதைப் படத்தில் பார்த்தேன். சதுரமும் முக்கோணமும் தவிர வேறொன்றும் தென்படவில்லை. இதை ரசிப்பது எப்படி? — ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: சதுரத்தையும் முக்கோணத்தையும் கண்டுகொண்டீர்களே, பாதி வேலை முடிந்தது! போர்வை தைப்பதில் வல்லவரான தம் தாயாரைக் கௌரவிக்கும்பொருட்டு, டோனா சூ குரோவ்ஸ் என்ற அம்மையார் 2001-இல் ஓஹையோ மாநிலத்து ஆடம்ஸ் மாவட்டத்தில் தொடங்கி வைத்த வழக்கம் இது. பெரும்பாலும் எட்டடிச் சதுரப் பலகையில், சாலையில் போகிறவர் கண்ணுக்கு எட்டவேண்டுமென்ற உத்தேசத்துடன் தீட்டப்படுவதாதலால், படத்தை மூக்கருகே வைத்துக்கொள்ளாமல் கைநீட்டிப் பிடித்து, கண்களைச் சற்றே இடுக்கிப் பாருங்கள்.

முதலில் தீட்டப்பட்ட ‘ஓஹையோ நட்சத்திர’த்தையே எடுத்துக்கொள்வோம். ஒன்பது கட்டங்களில் நடுவும் நான்கு மூலைகளும் வெறும் சதுரங்களாக நிற்க, எஞ்சிய நான்கும் குறுக்குக் கோடுகளால் நந்நான்கு முக்கோணங்களாகப் பிளவுபட்டு, அவற்றுள் இரண்டிரண்டு கருவர்ணம் பெற்ற மாத்திரத்தில், எட்டு முனைகளுள்ள தாரகை உதயமாகிவிடுகிறது; பிறகு அதை மறந்து, சூழ்ந்துள்ள வெளிர்நிறத்தையே உருவமாகப் பாவித்தால் வேறொரு சித்திரம் எழுந்து வரும். துணியில் பூவேலையும் தையலின் மேடுபள்ளமும் நிழல் தந்து உதவும். பலகையிலோ தட்டையான வர்ணம் ஒன்றே துணை. ஆகவே, இரு வர்ணங்கள் சந்திக்கும் விளிம்பே தீட்டியவரின் கைத்திறனுக்குப் பரீட்சை. (நெளிந்த விளிம்பையும் மன்னித்து ரசிப்பவர்கள் உண்டு, நான் அந்தக் கட்சியல்ல.) கட்டம்போட்ட காகிதத்தில் இக்கோலத்தை ஒருமுறை வரைந்து வர்ணமிட்டுவிட்டு, அப்புறம் எழுதுங்கள்.